நற்பெயருக்கு எத்தனை புள்ளி?

எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பறைப் பின்சுவரில் சென்ற கல்வியாண்டில் ஒரு பலகை தொங்கியது. பலகை என்பது பெயருக்குத்தான். நான்கு சார்ட் அட்டைகளைச் சேர்த்து ஒட்டி, பின்னால் தெர்மோகோல் வைத்து, ஓரத்துக்குப் பழைய சேலைக் கரையைச் சுற்றியிருந்தேன். மேலே 'ஐயப் பலகை' என்று எழுதியிருந்தேன். கணக்குப் பாடத்தில் எந்த ஐயம் வந்தாலும் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் குண்டூசியால் குத்திவிடலாம். விடை தெரிந்த மாணவர் அதற்குக் கீழே இன்னொரு சீட்டைக் குத்துவார். மாலையில் நான் பார்த்து, கேள்விக்கு ஒரு நட்சத்திரமும் சரியான விடைக்கு இரண்டு நட்சத்திரமும் பெயர்ப் பட்டியலில் ஒட்டுவேன். மாதக் கடைசியில் முதலிடம் பெறுபவருக்கு ஒரு மைப்பேனா பரிசு.

முதல் இரண்டு வாரம் எனக்கே பெருமை தாங்கவில்லை. 38 பேர் கொண்ட வகுப்பில் நாளுக்குப் பத்துச் சீட்டு விழுந்தது. கல்வி உளவியல் தாளில் ஸ்கின்னரின் எலியையும் புறாவையும் எழுதித் தேறி பி.எட். வாங்கியவள் நான். வலுவூட்டல் என்றால் இதுதான் என்று சக ஆசிரியர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் வாரம் சீட்டுகளை நிதானமாகப் படித்தேன். '17 பகா எண்ணா?' என்று ஒருவன் கேட்டிருந்தான். 'ஆம்' என்று அவன் பக்கத்தில் உட்காருபவன் எழுதியிருந்தான். அடுத்த சீட்டில் இவன் விடை, அவன் கேள்வி: '19 பகா எண்ணா?' இப்படியே 23, 29, 31 என்று போயிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து பகா எண்களை வரிசையாக நட்சத்திரமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் பெஞ்சில் இருக்கும் கெட்டிக்கார மாணவனிடம் நாற்பதுக்கும் மேல் நட்சத்திரம் சேர்ந்திருந்தது. அவன் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

பலகையின் இடது கீழ் மூலையில் ஒரு சீட்டு மட்டும் விடையின்றி 11 நாளாகக் கிடந்தது. 'பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம்?' எழுதியவள் வகுப்பில் வாய் திறக்காத ஒரு மாணவி. நான்காம், ஐந்தாம் வகுப்புகளைக் கொரோனா விழுங்கிய தலைமுறைப் பிள்ளை அவள். பின்னம் என்றாலே அவள் முகம் சுருங்கும். விகிதமுறு எண்களின் வகுத்தலை நான் நடத்திய அன்று அந்தச் சீட்டைக் குத்தியிருக்கிறாள். நானும் அதைக் கவனிக்கவில்லை. விடை வந்த சீட்டுகளுக்கு நட்சத்திரம் ஒட்டுவதுதானே என் மாலை வேலை? விடையே வராத சீட்டுக்கு என் கண்ணில் இடம் இல்லாமல் போயிருந்தது.

அன்று மதியம் அவளே வந்து சீட்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"வேணாம் டீச்சர். யாருமே எழுதல. தப்பான கேள்வி போல."

அந்த வகுப்பில் அந்த மாதம் கேட்கப்பட்டவற்றில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

இந்த நிலையில்தான் பழைய மாணவன் ஒருவன், தன் தம்பியின் மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்கு வந்திருந்தான். இப்போது பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. பலகையைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். "டீச்சர், இது எங்க ஸ்டாக் ஓவர்ஃப்ளோ மாதிரியே இருக்கு. வியாதியும் அதே வியாதிதான்."

அவன் சொன்னதைக் கேட்டபிறகு நானும் அந்தத் தளத்தைப் பற்றி ஒரு மாதம் தேடித் தேடிப் படித்தேன். நிரல் எழுதத் தெரியாத ஒரு கணக்கு ஆசிரியருக்கு அதில் என்ன வேலை என்று கேட்கலாம். அங்கே மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதுவும் சம்பளம் இல்லாமல். அதை எதைக்கொண்டு கட்டி இழுக்கிறார்கள் என்பது நம் தொழிலோடு நேரடியாகத் தொடர்புடையது.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008-இல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற இருவர் தொடங்கியது. கணினி நிரல் எழுதுவோர் கேள்வி கேட்கும், விடை சொல்லும் இடம். சேரும் எவருக்கும் முதலில் 1 புள்ளி. உங்கள் விடை பயனுள்ளது என்று ஒருவர் வாக்களித்தால் 10 புள்ளி. கேள்வி கேட்டவரே 'இதுதான் எனக்கு உதவிய விடை' என்று ஏற்றுக்கொண்டால் 15 புள்ளி, அப்படி ஏற்றுக்கொண்டவருக்கும் 2 புள்ளி. எதிர்வாக்கு விழுந்தால் 2 குறையும். ஒருவர் விடைக்கு எதிர்வாக்குப் போடுபவரும் தன் கையிலிருந்து 1 புள்ளி இழப்பார். குறை சொல்வதற்கும் ஒரு விலை உண்டு என்கிற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆசிரியர் அறையில் இப்படி ஒரு விதி இருந்தால் இடைவேளை மிக அமைதியாகக் கழியும்.

எத்தனை எதிர்வாக்கு விழுந்தாலும் புள்ளி 1-க்குக் கீழே இறங்காது. ஒரு நாளில் வாக்குகளால் 200 புள்ளிக்கு மேல் சேர்க்க முடியாது. அதற்கு மேல் வரும் வாக்கு கணக்கில் ஏறாது, ஏற்கப்பட்ட விடைக்கான 15 போன்றவை மட்டும் ஏறும். இதை எட்டாம் வகுப்புக்கு ஒரு கணக்காகவே கொடுத்தேன். ஜான் ஸ்கீட் என்ற இங்கிலாந்து நிரலாளர் 2018 ஜனவரியில் 10 லட்சம் புள்ளியைத் தொட்டார், அந்த எல்லையைத் தொட்ட முதல் ஆள் அவர். தளம் பொதுமக்களுக்குத் திறந்தது 2008 செப்டம்பரில். நாள் ஒன்றுக்கு 200 வீதம் ஒரு நாள்கூட விடாமல் சேர்த்திருந்தாலும் எவ்வளவு வந்திருக்கும்? ஏறக்குறைய 3,400 நாள், 6,80,000 புள்ளி. மீதி 3 லட்சத்துக்கும் மேல், வரம்புக்குள் அடங்காத வழிகளில் வந்திருக்க வேண்டும். 'அவர் தூங்கவே மாட்டாரா டீச்சர்?' என்று ஒரு மாணவன் கேட்டான். தெரியவில்லை என்றேன்.

புள்ளி சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் முக்கியமான இடம். பணம் கிடைக்காது. புள்ளியை விற்கவும் முடியாது. ஆனால் 15 புள்ளி சேர்ந்தால் பிறர் எழுதியதற்கு ஆதரவாக வாக்களிக்கலாம். 50 ஆனால் எந்த இடத்திலும் கருத்து எழுதலாம். 125 வந்தால்தான் எதிர்வாக்குப் போடும் உரிமை. 2,000-இல் பிறர் எழுதியதை யாரையும் கேட்காமல் திருத்தலாம். 3,000-இல் சரியில்லாத கேள்வியை மூடுவதற்கு வாக்களிக்கலாம். ஊர்க்கூட்டத்தில் முதலில் பின்னால் நின்று கேட்டவர், பிறகு பேசுபவர், பிறகு பஞ்சாயத்துக்கு உட்காருபவர் என்று வளர்வது போன்ற ஏற்பாடு. என் மைப்பேனாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் நட்சத்திரத்தை ஒரு பொருளாக மாற்றினேன். அவர்கள் அதைப் பொறுப்பாக மாற்றுகிறார்கள்.

பழைய மாணவனின் கதையையும் சொல்ல வேண்டும். முதலாம் ஆண்டில் அவன் அங்கே கேட்ட முதல் கேள்விக்கு நான்கு எதிர்வாக்கு. 'இது முன்பே கேட்கப்பட்ட கேள்வி' என்று குறித்து மூடிவிட்டார்கள். அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்தவன், ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி அமைத்துக் கேட்டிருந்தான். "ஏழெட்டு மாசம் அந்தப் பக்கமே போகல டீச்சர்" என்றான். இப்படி விரட்டப்பட்டவர்கள் உலகெங்கும் நிறையப் பேர். புதியவர்களுக்குத் தங்கள் தளம் வரவேற்பாக இல்லை, இதை மாற்ற வேண்டும் என்று 2018-இல் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது.

அவன் திரும்பிப் போனது கேட்க அல்ல, சொல்ல. ஒரு சின்னப் பிழைக்கு அவனே மூன்று நாள் மல்லுக்கட்டித் தீர்வு கண்டுபிடித்திருக்கிறான். அதே பிழையில் எந்த நாட்டிலோ ஒருவர் மாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார். இவன் எழுதினான். அவர் ஏற்றுக்கொண்டார். 15 புள்ளி. கைப்பேசியைத் திறந்து எனக்குக் காட்டினான். இப்போது அவனிடம் 1,300-க்குச் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. "வேலைக்குப் போடுற பயோடேட்டால இதை எழுதலாமா டீச்சர்?" என்று கேட்டான். எழுது என்றேன். ஆனால் அந்த எண்ணைவிட, நீ எழுதியதில் சிறந்த இரண்டு விடைகளைக் குறிப்பிடு, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கட்டும் என்றும் சொன்னேன்.

பிறகு அவன் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் என்னோடு இருக்கிறது. "எங்க காலேஜ் பேரு யாருக்கும் தெரியாது டீச்சர். அங்க அதை யாரும் கேக்கவே இல்ல."

புள்ளியின் மதிப்பு என்ன என்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். ஊர், பெயர், பெற்றோர், கல்லூரி எதையும் அறியாத ஒருவர், நீ சொன்னது எனக்குப் பயன்பட்டது என்று வைத்த குறி அது. நம் பிள்ளைகளில் பலருக்கு இப்படி ஒரு குறி வேறு எங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

ஆனாலும் குறி வேறு, அறிவு வேறு. அவனே சொன்னான்: எல்லோருக்கும் தேவைப்படும் எளிய கேள்விக்கு எழுதிய இரண்டு வரி விடை வாக்குகளை வாரிக் குவிக்கும். இரண்டு இரவு விழித்துத் தீர்த்த கடினமான கேள்விக்கு ஒரே ஒரு வாக்கு வரும், ஏனென்றால் அதைப் புரிந்துகொள்ள ஆளே இல்லை. முதலில் எழுதியவருக்கே வாக்கு விழுவதால் ஆழமாக எழுதுவதைவிட வேகமாக எழுதுவது ஆதாயம். என் பலகையில் 17-உம் 19-உம் ஓடியதற்கும், பின்னக் கேள்வி காய்ந்து கிடந்ததற்கும் காரணம் இதுதான். இரண்டுக்கும் நான் வைத்த விலை ஒன்றே. பிள்ளைகள் தப்புச் செய்யவில்லை. விலையைப் பார்த்து நடந்தார்கள்.

கேள்விக்கு எத்தனை புள்ளி தருவது என்பதில் அந்தத் தளமே தடுமாறியிருக்கிறது. தொடக்கத்தில் கேள்விக்கும் விடைக்கும் வாக்குக்கு 10 என்றிருந்தது. 2010-இல் கேள்விக்கு 5 ஆகக் குறைத்தார்கள். 2019 நவம்பரில் மீண்டும் 10 ஆக்கினார்கள், பழைய கேள்விகளுக்கும் சேர்த்தே. நல்ல கேள்வி கேட்பதும் விடை சொல்வதற்கு ஈடான உழைப்பு என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு ஒன்பது ஆண்டு ஆயிற்று. நான் மூன்று வாரத்தில் ஒப்புக்கொண்டதாக என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பொட்டும் பொற்கிழியும்

காலாண்டு விடுமுறை முடிந்ததும் பலகையின் விதிகளை மாற்றினோம். மாற்றினோம் என்று பன்மையில் சொல்வது உண்மையாகவே. ஒரு பாடவேளை முழுக்க மாணவர்களோடு உட்கார்ந்து பேசினேன். பகா எண் கூட்டாளிகள் இருவரும்தான் ஓட்டைகளை அடைப்பதில் எல்லோரையும்விடக் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். 'அப்படி வச்சா நாங்க இப்படிச் செய்வோம் டீச்சர்' என்று ஒவ்வொரு விதிக்கும் சொன்னார்கள்.

நட்சத்திரம் ஒட்டும் வேலையை நான் விட்டுவிட்டேன். ஸ்டிக்கர் பொட்டு பாக்கெட் வாங்கி, ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு ஐந்து பொட்டு கொடுத்தேன். எந்தச் சீட்டு தனக்கு உதவியதோ, அது கேள்வியானாலும் விடையானாலும், அதில் ஒரு பொட்டு ஒட்டலாம். தன் சீட்டில் ஒட்டக் கூடாது. வாரக் கடைசியில் மிஞ்சும் பொட்டு செல்லாது. இந்த விதியை ஸ்லாஷ்டாட் என்ற இன்னொரு பழைய தளத்திலிருந்து எடுத்தேன். அங்கே பிறர் கருத்துகளை மதிப்பிடும் வாய்ப்பு சிலருக்கு மாறி மாறி வரும், கையில் ஐந்து புள்ளிதான், சில நாளில் பயன்படுத்தாவிட்டால் காலாவதி. கையில் குறைவாக இருந்தால்தான் யோசித்துக் கொடுப்போம். பையன்கள் முதலில் பொட்டைப் பார்த்துக் கேலி செய்தார்கள். இரண்டாம் நாளே அது வெறும் பொட்டாக இல்லாமல் போய்விட்டது.

கேள்வி கேட்டவரிடம் மட்டும் பெரிய சிவப்புப் பொட்டு ஒன்று இருக்கும். 'எனக்குப் புரிந்தது' என்று அவருக்குத் தோன்றினால் மட்டுமே அதை ஒட்டுவார். அதன் மதிப்பு மூன்று. பெயரைச் சீட்டின் முன்பக்கம் எழுதக் கூடாது, பின்பக்கம் எழுத வேண்டும். ஒரே தெருப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே பொட்டு வைத்துக்கொள்வதை நான் பார்த்திருந்தேன். காரணம் நம் எல்லோருக்கும் தெரியும், விளக்க வேண்டியதில்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒருவர் இன்னொருவருக்கே தொடர்ந்து வாக்குப் போட்டால் இரவில் ஒரு நிரல் கண்டுபிடித்து நீக்கிவிடும். இங்கே கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பதால் பெயர் மறைப்பு பாதிதான் பலித்தது.

கடைசி விதிதான் வகுப்பை மாற்றியது. அந்தத் தளத்தில், விடை வராத கேள்விக்கு ஒருவர் தன் சொந்தப் புள்ளியிலிருந்து 50 முதல் 500 வரை எடுத்துப் பணயமாக அறிவிக்கலாம். ஏழு நாள் அந்தக் கேள்வி தனியாகத் தெரியும். நல்ல விடை எழுதியவருக்கு அந்தப் புள்ளி போகும். விடையே வராவிட்டாலும் வைத்தவருக்குத் திரும்பாது. இதை நான் விளக்கி முடிப்பதற்குள் ஒரு மாணவி, "தருமிக்கு வச்ச பொற்கிழி மாதிரியா டீச்சர்?" என்றாள். திருவிளையாடல் படத்தை எந்த விடுமுறையில் தொலைக்காட்சியில் போட்டாலும் பார்த்துவிடுகிற பிள்ளைகள். பாண்டிய மன்னனுக்கு ஓர் ஐயம், தீர்ப்பவருக்குச் சங்க மண்டபத்தில் தொங்கவிட்ட பொற்கிழி. அதைவிடச் சரியான விளக்கத்தை நான் சொல்லியிருக்க முடியாது. அன்று முதல் எங்கள் பலகையில் அதற்குப் பெயர் 'கிழி'. பலகை மூலையில் ஒரு சிறு மஞ்சள் துணிப்பையையே கட்டிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் முதல் பெஞ்ச் மாணவன், அந்த நட்சத்திரக்காரன், என்னிடம் தனியாக வந்தான். "டீச்சர், அந்தப் பின்னக் கேள்வி இருந்துச்சே. அதுக்கு விடை எனக்கும் தெரியல. தலைகீழாப் போட்டுப் பெருக்கணும்னுதான் தெரியும், ஏன்னு தெரியல. நான் கிழி வைக்கலாமா?"

பத்து வைத்தான். கேள்வி கேட்டவளிடம் அந்தச் சீட்டு இன்னும் கணக்கு நோட்டுக்குள் இருந்தது. அவளே கொண்டுவந்து குத்தினாள்.

முதல் விடை, 'புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.' சிரித்துவிட்டு ஏழு பேர் அதில் பொட்டு ஒட்டினார்கள். வாக்கு என்பது உண்மைக்கு மட்டும் விழுவதில்லை என்று அன்று வகுப்பில் பேச நல்ல வாய்ப்புக் கிடைத்தது. இரண்டாவது விடை விதியையே வேறு சொற்களில் சொன்னது. மூன்றாவது, நீளமான அழகான தமிழில், இரண்டு பக்கம். அண்ணனின் கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு எழுதிக் கொண்டுவந்தது என்று பிறகு தெரிந்தது. நான்கு பேர் படிக்காமலே பொட்டு வைத்திருந்தார்கள். பார்க்கத் திருத்தமாக இருந்ததே! 2022 டிசம்பரில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, சாட்ஜிபிடி எழுதிய விடைகளுக்குத் தடை விதித்ததும் இதற்காகத்தான். சரியானது போலத் தோற்றமளிக்கும் தவறான விடைகள் மலைபோல வந்து குவிந்தன, சரிபார்க்க ஆள் போதவில்லை. புள்ளி தரும் இடத்தில் உழைப்பில்லாமல் விடை கிடைத்தால் வேறென்ன நடக்கும்?

ஐந்தாம் நாள் நான்காவது சீட்டு விழுந்தது. எழுதியவள் கணக்கில் நடுத்தரமான மாணவி. அவள் அம்மா பேருந்து நிறுத்தத்தில் பூ விற்கிறார். சீட்டில் எழுதியிருந்ததை என் நடையில் தருகிறேன். 3 முழம் பூவை அரை முழத் துண்டாக வெட்டினால் எத்தனை பேருக்கு வரும்? ஒரு முழத்தில் 2 துண்டு. ஆகவே 3 முழத்தில் 3 × 2 = 6. அரையால் வகுத்தோம், ஆனால் 2-ஆல் பெருக்கினோம். இப்போது துண்டு 2/3 முழம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழத்தை மூன்று பங்காக்கினால் இரண்டு பங்கு சேர்ந்தது ஒரு துண்டு. மிச்சம் ஒரு பங்கு, அது அரைத் துண்டு. ஆக ஒரு முழத்தில் ஒன்றரைத் துண்டு, அதாவது 3/2. நான்கு முழத்தில் 4 × 3/2 = 6 துண்டு. கீழே ஒரு வரி மட்டும் அவள் சொற்களிலேயே: 'தலைகீழாப் போடுறது ஒரு முழத்துல எத்தனை துண்டுனு கேக்குறதுதான்.'

பதினெட்டு ஆண்டு இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். தலைகீழ் எண்ணுக்கு இவ்வளவு தெளிவான பொருளை நான் கரும்பலகையில் எழுதியதில்லை.

கேள்வி கேட்டவள் உடனே சிவப்புப் பொட்டு வைக்கவில்லை. நான் அவசரப்பட்டு, "வச்சிடும்மா, சரியான விடைதானே?" என்றேன். "அரை புரியுது டீச்சர். மூணுல ரெண்டு புரியல" என்றாள். வீட்டில் பூ கட்டும் நூலை அளந்து வெட்டிப் பார்த்து, இரண்டு நாள் கழித்துத்தான் வைத்தாள். பழைய முறையாக இருந்திருந்தால் அன்று மாலையே நான் நட்சத்திரம் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். என் நட்சத்திரம் விடை சரியா என்று மட்டும் பார்த்தது. அவளுக்குப் புரிந்ததா என்று பார்க்க அதற்குக் கண் இல்லை.

மதிப்பெண்ணோடு சேர்க்கலாமா?

பலகையின் பெயர் பரவியதும் சக ஆசிரியர் ஒருவர், "இந்தப் பொட்டுகளை அப்படியே வளரறி மதிப்பீட்டில் ஐந்து மதிப்பெண்ணாகப் போட்டுவிடலாமே?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். நான் மறுத்தேன். மறுத்ததற்குக் காரணம் 1973-இல் வெளியான ஓர் ஆய்வு. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் செய்தது. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள், அதுவும் ஏற்கெனவே படம் வரைவதில் ஆசை உள்ளவர்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு வரைந்து முடித்தபின் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசு பேச்சே இல்லாத நேரத்தில் யார் எவ்வளவு நேரம் தானாக வரைகிறார்கள் என்று மறைந்திருந்து கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை.

இதே போக்கு பெரியவர்களிடமும் உண்டு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் புள்ளியோடு பதக்கங்களும் உண்டு. கார்னெல், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பதக்கம் நெருங்க நெருங்க அதற்கு வேண்டிய வேலை கூடுவதையும், பதக்கம் கிடைத்தபின் அந்த வேலை குறைவதையும் காட்டினார்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் நம் வகுப்பறை எப்படி இருக்கும் என்று தெரிந்த எவருக்கும் இது வியப்பில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. விக்கிப்பீடியாவில் புள்ளி கிடையாது. ஒரு பங்களிப்பாளர் இன்னொருவரின் உழைப்பைப் பார்த்து அவர் பேச்சுப் பக்கத்தில் ஒரு பதக்கப் படத்தை ஒட்டிவிட்டு இரண்டு வரி நன்றி எழுதுவார். 2012-இல் வெளியான ஒரு சோதனையில், மிக அதிகமாக உழைக்கும் ஆங்கில விக்கிப்பீடியர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து பதக்கம் கொடுத்தபோது, பெறாதவர்களைவிட அவர்களின் பங்களிப்பு 60 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதற்கும் எதிர்பாராமல் வந்த பாராட்டு என்பது காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

எண்ணே வேண்டாம் என்று முடிவு செய்தவர்களும் உண்டு. ஸ்லாஷ்டாட்டில் நற்பெயர்ப் புள்ளிக்கு 'கர்மா' என்று பெயர். எண்ணைத் துரத்தி மக்கள் அலைவதைப் பார்த்து முதலில் 50-க்கு மேல் ஏறாதபடி வரம்பு வைத்தார்கள். பிறகு எண்ணையே மறைத்து, 'நன்று', 'மிகச் சிறப்பு' என்பது போன்ற சொற்களைக் காட்டினார்கள். 2017-இல் நம் மாநிலத்தில் பொதுத்தேர்வு முடிவுகளில் தரவரிசை அறிவிப்பதை நிறுத்திய நாளை நினைத்துக்கொண்டேன். முதலிடம் பிடித்த பிள்ளையின் படம் நாளிதழில் வருவது நின்றது என்று வருந்தியவர்களில் நானும் ஒருத்தி. என் பள்ளியின் பெயர் அதில் ஒருபோதும் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

அரையாண்டுக்குப் பிறகு பொட்டையும் கிழியையும் எடுத்துவிட்டேன். பலகை மட்டும் இருந்தது. லெப்பர் குழந்தைகளுக்கு நடந்தது என் பிள்ளைகளுக்கு நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது ஒரு காரணம். பொட்டு பாக்கெட் தீர்ந்துபோனது இன்னொரு காரணம். முன்பு வாரம் முப்பதுக்குக் குறையாமல் விழுந்த சீட்டு, பொங்கல் கழிந்த முதல் வாரத்தில் ஒன்பதாகக் குறைந்தது. மாலையில் அந்த வெறும் பலகையைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒருவேளை நான் புள்ளிக்கு அவர்களைப் பழக்கிவிட்டு, புள்ளியைப் பிடுங்கிக்கொண்டேனோ என்று பலமுறை நினைத்தேன். இன்றும் அந்த எண்ணம் முழுதாக விலகவில்லை.

ஒன்பதையும் எடுத்துப் பின்பக்கம் பெயர் பார்த்தேன். இரண்டு, அந்தப் பின்னக் கேள்வி மாணவி எழுதியவை. ஒன்று, முதல் பெஞ்ச் மாணவனுடையது. கேள்வி. ஆண்டு முழுதும் விடை மட்டுமே எழுதியவன், யாரும் பொட்டு வைக்கப் போவதில்லை என்று தெரிந்தபிறகு, 'மைனஸால் மைனஸைப் பெருக்கினால் ஏன் ப்ளஸ் வருகிறது?' என்று கேட்டிருந்தான். அதற்குக் கீழே பூக்காரம்மாவின் மகள் ஒரு சீட்டுக் குத்தியிருந்தாள். 'எனக்கும் தெரியல. யோசிக்கிறேன்.'

ஏப்ரலில் பலகையைச் சுருட்டி அலமாரியின் மேல் வைத்தேன். இந்த ஜூனில் புதிதாக எட்டாம் வகுப்புக்கு வந்தவர்கள் முதல் நாளே, "அண்ணனுங்களுக்கு மட்டும் பலகை வச்சீங்களே டீச்சர், எங்களுக்கு?" என்று கேட்டார்கள். அண்ணன்மார் மூலம் கிழிப் பையின் கதை முதற்கொண்டு அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பலகையை மாட்டிவிட்டேன். பொட்டு ஒரு பாக்கெட் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை.